தாய்வீட்டுக்குப் போகும் பையில் பிரஷர் நோட்டும் இருக்கட்டும்

கர்ப்பிணியின் பிரஷரை முதன்முதலாக ஐந்தாம் மாதத்தில் பார்த்து, "120/76, நல்லா இருக்கு" என்று எழுதி வைப்பது பல நேரம் ஏமாற்றிவிடும். கரு தங்கிய சில வாரங்களிலேயே ரத்தக் குழாய்கள் தளர ஆரம்பிக்கின்றன. நாலு, ஐந்து மாத வாக்கில் பெரும்பாலும் எல்லாருக்கும் பிரஷர் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே 144/92 இருந்த பெண்கூட அப்போது சரியாக இருப்பதுபோல் தெரிவார். எட்டாம் மாதத்தில் மறுபடி ஏறும்போது இது பழைய பிரஷரா, கர்ப்பத்தால் புதிதாக வந்ததா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்காது. இரண்டுக்கும் கவனிப்பும் பிரசவம் பார்க்கும் வாரமும் வேறு. அதனால் நாள் தள்ளிப்போனது உறுதியான வாரத்திலேயே ஒரு பிரஷர் அளவு வேண்டும். ஏற்கெனவே பிரஷரோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், பிளேட்லெட் எண்ணிக்கை மூன்றையும் அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேலை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. எனலாபிரில், ராமிபிரில், டெல்மிசார்டான், லோசார்டான் போல, பெயர் 'பிரில்' என்றோ 'சார்டான்' என்றோ முடிகிற மாத்திரைகள் வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீரும் வற்றிப்போகும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி லாபெட்டலால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின், மெத்தில்டோபா இவற்றில் ஒன்றுக்கு மாறிவிட வேண்டும். அட்டெனலாலும் வேண்டாம், அது குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும். இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, "கர்ப்பத்துல மாத்திரையே ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் தாமாகவே நிறுத்திவிடுவது. லேசான பிரஷருக்கு மருந்து கொடுத்தால் குழந்தை சிறுத்துவிடும் என்ற தயக்கம் மருத்துவர்களுக்கே முன்பு இருந்தது. அமெரிக்காவில் நடந்து 2022-ல் வெளியான பெரிய ஆய்வு அதைத் தீர்த்து வைத்தது. பழைய பிரஷர் உள்ள கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுத்து 140/90-க்குக் கீழே வைத்திருந்தபோது தாய்க்கும் சேய்க்கும் நல்லதே நடந்தது, குழந்தையின் எடையும் குறையவில்லை.

அடுத்தது ஆஸ்பிரின். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர்விட்டு அங்குள்ள ரத்தக் குழாய்களை அகலப்படுத்திக்கொள்ளும் வேலை ஏறக்குறைய ஐந்தாம் மாதத்துக்குள் முடிந்துவிடும். அது அரைகுறையாக நடந்தால்தான் பின்னால் ப்ரீ-எக்லாம்ப்சியா வருகிறது, அதாவது கர்ப்பத்தின் பிற்பாதியில் பிரஷர் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளையைத் தாக்கி, வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய நோய். எட்டாம் மாதத்தில் பிரஷராக வெளியே தெரிவதன் விதை மூன்று, நாலு மாதத்தில் விழுந்தது. ஆகவே ஆஸ்பிரினை 12 வாரத்தில் ஆரம்பிக்க வேண்டும், 16-ஐத் தாண்டக் கூடாது. 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கணித்த பெண்களுக்கு இரவில் 150 மி.கி. வீதம் 36 வாரம் வரை கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைத்த ப்ரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது.

முந்தைய கர்ப்பத்தில் இதே தொல்லை, பழைய பிரஷர், சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), இரட்டைக் குழந்தை இவற்றில் ஒன்று இருந்தாலே ஆஸ்பிரின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முதல் கர்ப்பம், வயது 35-க்கு மேல், அதிக உடல் எடை, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இது வந்திருப்பது, முந்தைய பிரசவத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி இவற்றில் இரண்டு சேர்ந்தாலும் கேட்க வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ குடல்புண்ணோ இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். கால்சியம் 500 மி.கி. மாத்திரை 14 வாரத்திலிருந்து தினம் இரண்டு. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக ஏறாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இனி அளக்கும் முறை. படியேறி வந்து மூச்சு வாங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. சிறுநீர் கழித்துவிட்டு, காபி டீ குடித்து அரை மணி நேரமாவது ஆனபின், நாற்காலியில் முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசைமேல், நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைதான் பொருந்தும். பருத்த கையில் அதையே இறுக்கிக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி மேல் கையில் அளந்தால் குறைவாகக் காட்டி ஆறுதல் தரும், அந்த ஆறுதலை நம்ப வேண்டாம். மணிக்கட்டுக் கருவியும் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். வீட்டில் 135/85 என்று தொடர்ந்து வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

ஆபத்து மிக அதிகமாக இருக்கும் காலத்தில்தான் நம் ஊரில் பெண் இடம் மாறுகிறாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறாள். டாக்டர் மாறுகிறார், செவிலியர் மாறுகிறார், அந்த மாற்றத்தில் இரண்டு, மூன்று வாரம் யாரும் பிரஷர் பார்க்காமலே கழிந்துவிடுகிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா முற்றுவதற்கு அது தாராளமாகப் போதும். கிளம்புவதற்கு முன்பே பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். முடியாவிட்டால் போய்ச் சேர்ந்த இரண்டு நாளுக்குள் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டை, ஆர்.சி.எச். எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், மாத்திரை அட்டைகள், பிரஷர் நோட்டு எல்லாம் அவளுடைய கைப்பையிலேயே போகட்டும், மாமியார் வீட்டு பீரோவில் தங்கிவிடக் கூடாது.

கால் வீங்கினால் உப்பைக் குறைப்பதும் பார்லிக் கஞ்சி காய்ச்சுவதும் வழக்கம். சாயங்காலம் பாதம் வீங்குவது பலருக்கும் இயல்பு. உப்பைக் குறைத்தால் ப்ரீ-எக்லாம்ப்சியா வராமல் தடுத்துவிடலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கஞ்சி குடிப்பதில் தவறில்லை, அதைக் குடித்துக்கொண்டு பிரஷர் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. முகமும் விரல்களும் வீங்கி மோதிரம் இறுகுவது, ஒரே வாரத்தில் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறுவது, பாராசிட்டமால் போட்டும் நிற்காத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது மேல் வயிற்று வலி. நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ வலித்தால் 'வாய்வு' என்று சோடா குடித்து, மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அது கல்லீரல் வீங்கிய வலியாக இருக்கலாம். பிரஷர் சும்மா 146/94 காட்டினாலும்கூட இருக்கலாம்.

160/110 தொட்டுவிட்டால் அவசரம். மறுபடி அளந்தும் இறங்காவிட்டால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும், மூளையில் ரத்தம் கசியும் அபாயம் இருக்கிறது. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் போடுவார்கள். சுமார் பத்தாயிரம் பெண்களை வைத்து நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வில் வலிப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் முதல் டோஸ் போட்டு அனுப்பலாம். வலிக்கும், உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்பட வேண்டாம். "இங்கே எதுவும் போட வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போறோம்" என்று குடும்பத்தார் தடுப்பதுதான் ஆபத்து. வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். பிரஷர் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள், பலர் அதற்குள் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். சிசேரியன் ஆனவருக்குத் தலைவலி வந்தால் 'முதுகில் போட்ட ஊசி' என்று விட்டுவிடுவது வழக்கம். ஊசியால் வரும் தலைவலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். படுத்தும் தணியாத தலைவலிக்கு உடனே பிரஷர் பாருங்கள். வலிப்பு ஆறு வாரம் வரைகூட வரலாம். பிரஷர் இருந்தவர்கள் முதல் வாரம் தினமும் அளந்து, பத்து நாளுக்குள் ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பத்தில் விலக்கிய எனலாபிரிலை இப்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். மெத்தில்டோபா மட்டும் மனச்சோர்வைக் கூட்டும் என்பதால் மாற்றிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்தும் 140/90-க்குக் கீழே இறங்காவிட்டால் அது கர்ப்பத்தோடு போகும் பிரஷர் அல்ல, பொது மருத்துவரிடம் தனியாகக் காட்டி மருந்தைத் தொடர வேண்டும்.