மையும் பாலும்

மார்ச் 3, திங்கள்

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலை இரண்டாம் முறையாக எடுத்தேன். முன்பு படித்தபோது, அடிமைப் பண்ணையிலிருந்து தப்பிய நாயகி செதேயின் முதுகில் மரம்போல் படர்ந்த சவுக்குத் தழும்புதான் மனதில் நின்றது. இம்முறை வேறொன்று பிடித்துக்கொண்டது. கர்ப்பிணியையா அடித்தார்கள் என்று பழைய பண்ணைத் தோழன் திகைக்கிறான். அவளோ, என் பாலை எடுத்துக்கொண்டார்கள் என்கிறாள். மறுபடியும் அதையே சொல்கிறாள். பால் கட்டிக்கொண்டு ஓர் இரவாவது தவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தப்பிக்கவைக்கக் கைக்குழந்தையை முன்னால் அனுப்பிவிட்டு, அதற்கான பாலைச் சுமந்து நின்றவள் அவள்.

மார்ச் 5, புதன்

இரண்டு பையன்கள் அவளை அழுத்திப் பிடித்துப் பாலை உறிஞ்சுகிறார்கள். பண்ணையை நடத்தும் பள்ளி ஆசிரியர் பார்த்துக் குறிப்பெடுக்கிறார். அந்தக் குறிப்புக்கான மையைத் தயாரித்தவள் செதேதான்! நாவல் முடியும் தறுவாயிலும் அதைச் சொல்லித்தான் கலங்குகிறாள்.

தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்ற வர்ஜீனியாவின் 1662 சட்டமும் மையால் எழுதியதுதான். தகப்பன் எசமானனாகவே இருந்தாலும் சரி. வன்கொடுமை செய்தவனுக்கு அது வரவுக் கணக்கு.

மார்ச் 6, வியாழன்

1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து ஓடினாள். பிடிபடும் நேரத்தில் தன் சிறு மகளைக் கொன்றாள். கொலைக்கு விசாரிப்பதா, தப்பியோடிய சொத்து என்று திருப்பிக் கொடுப்பதா என்ற வழக்கில் சொத்தே வென்றது. 'தி பிளாக் புக்' (1974) தொகுப்பு வேலையின்போது மாரிசன் கண்ட செய்தி இது; நாவலுக்கு விதை.

நாவலில், தன் கையால் கொன்ற மகளின் கல்லறையில் 'Beloved' என்ற ஏழு ஆங்கில எழுத்துகள் பொறிக்க, கல் செதுக்குபவனுக்குப் பத்து நிமிடம் உடலைக் கொடுக்கிறாள் செதே. இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் மேலும் ஒரு சொல் கிடைத்திருக்குமோ என்று பிறகு யோசிக்கிறாள். அதற்குமேல் இன்று படிக்க முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கேயில் ஜோன்ஸின் 'கொரெஹிடோரா' (1975) நாவல். பதிப்பாசிரியர் மாரிசனே. பிரேசில் எசமானன் ஒருவன், நாயகி உர்சாவின் கொள்ளுப்பாட்டியையும், அவளிடம் தனக்குப் பிறந்த மகளையும் வன்புணர்ந்தவன். அடிமைமுறை ஒழிந்ததும் அதன் பதிவுக் காகிதங்களைக் கொளுத்திவிட்டார்கள். ஆகவே பிள்ளை பெறு, அது சாட்சி சொல்லட்டும் என்பது அந்த வீட்டுப் பெண்களின் கட்டளை. நியாயம் புரிகிறது. ஆனால் பிறக்கும் முன்பே குழந்தையைக் கூண்டில் ஏற்றுகிறார்களே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

கொள்ளுப்பேத்தி உர்சாவுக்கு, கணவனால் படிக்கட்டில் விழுந்ததில் கருப்பையே போய்விடுகிறது. அவள் புளூஸ் என்னும் கறுப்பினத்தாரின் சோக இசை பாடுபவள். மீண்டும் பாடத் தொடங்கும்போது, குரல் மாறிவிட்டது, எதையோ கடந்து வந்ததுபோல் இருக்கிறது என்கிறாள் தோழி.

இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது.