ஒரே லன், நான்கு டிஸ்குகள்

புதிய சர்வரை ஸ்டோரேஜ் வலையமைப்பில் இணைத்த அன்று நான் ஒதுக்கியது ஒரே ஒரு லன், அதாவது ஸ்டோரேஜ் சர்வருக்குத் தரும் ஒரு டிஸ்க் பகுதி. லினக்ஸ் காட்டியதோ நான்கு டிஸ்குகள். சர்வரில் ஸ்டோரேஜுடன் பேச இரண்டு ஃபைபர் சேனல் போர்ட்டுகள். ஒவ்வொன்றும் ஸ்டோரேஜின் இரண்டு போர்ட்டுகளைப் பார்க்கிறது. நான்கு பாதைகள், நான்கு பெயர்கள். பல பாதைகளை ஒரே டிஸ்காகச் சேர்த்துக் காட்டும் மல்டிபாத் சேவையை இயக்கியதும் அவை ஒன்றாகின. அதற்கு முன்பே அவற்றில் ஒன்றின் மேல் நேரடியாகக் கோப்பு முறைமை அமைத்திருந்தால், அந்தப் பாதை அறுந்த நொடியில் எல்லாமே நின்றிருக்கும்.

அன்று அதிக நேரத்தை விழுங்கியது, எந்தப் போர்ட் எந்தப் போர்ட்டைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் வரையறுக்கும் சோனிங்தான். அதில் போர்ட்டைக் குறிக்கும் டபிள்யூ.டபிள்யூ.பி.என். என்பது 16 பதின்அறும (0-9, A-F) இலக்கங்கள் கொண்ட முகவரி. அதில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருந்தேன். ஸ்விட்சில் சர்வர் உள்நுழைந்திருக்கிறது, விளக்கு பச்சையாக எரிகிறது, ஆனால் லன் தெரியவில்லை! கேபிளைச் சந்தேகித்து ஒரு மணி நேரம் போனது. இப்போது ஸ்விட்ச் காட்டும் பட்டியலிலிருந்தே முகவரியை நகலெடுக்கிறேன்.

ஒரு சோனில் ஒரே ஒரு சர்வர் போர்ட் என்பதில் நான் பிடிவாதக்காரன். எல்லாவற்றையும் ஒரே சோனில் போட்டால், ஒரு சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது மற்றவற்றுக்கும் தேவையற்ற அறிவிப்பு போகிறது. எந்த லன் எந்த சர்வருக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் லன் மாஸ்கிங் தனி வேலை. அதை ஸ்டோரேஜில் செய்ய வேண்டும்.

கடைசியாக, தரவு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கினேன். சில நொடிகள் தயங்கி, எழுதுவது தொடர்ந்தது. அதைப் பார்த்த பிறகே சர்வரை ஒப்படைத்தேன்.