சிலிம் ரிவரிலிருந்து ரவாங் வரை: எந்த வேகத்தில் எண்ணெய் மிச்சம்?

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

போன வாரத்திலிருந்து இங்கே மலேசியாவில் பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 சென். அடையாள அட்டையைக் கருவியில் சொருகினால் மாதம் 300 லிட்டர் வரைக்கும் இந்த விலை. அதைத் தாண்டினால் 2 வெள்ளி 60 சென். முன்பு 2 வெள்ளி 5 சென் கொடுத்தோம், ஆக லிட்டருக்கு ஆறு சென் லாபம். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எங்கே நின்றாலும் இதே பேச்சுதான். எனக்கோ அந்த ஆறு சென்னைவிட, நான் மிதிக்கிற மிதியில் எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும்.

சிலிம் ரிவரிலிருந்து ரவாங்குக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இங்கே தோட்டத்தில் செம்பனை வேலைக்கு இப்போது நம் பிள்ளைகள் யாரும் போவதில்லை. பாதிப் பேர் தஞ்சோங் மாலிம், மீதிப் பேர் ரவாங், செரெண்டா பக்கம் தொழிற்சாலைகளுக்கு ஓடுகிறோம். என் வண்டி 2018-ல் வாங்கிய மைவி 1.3 கார், நாலு கியர் ஆட்டோமேடிக். ஹைவேயில் மட்டும் மாதம் சுமார் 2,600 கிலோமீட்டர் ஓடுகிறது.

வீட்டுக்காரர் மணிக்கு 80 கிலோமீட்டர்தான் சரி என்கிறார். தம்பி, "110-ல போனாலும் பெருசா வித்தியாசம் இல்லக்கா" என்கிறான். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே தவிர யாரும் அளந்து பார்த்ததில்லை. நான் பார்க்கப் போகிறேன். ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே ஸ்டேஷன், அதே பம்ப். குழாய் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும், வாய் வரைக்கும் ஊற்றக் கூடாது. வாரத்துக்கு ஒரு வேகம். ஓடிய தூரத்தை ரசீதில் இருக்கிற லிட்டரால் வகுத்துக்கொள்வேன். டேஷ்போர்டில் ஒரு சராசரி காட்டுகிறது, அதையும் குறித்து வைப்பேன், ஆனால் கணக்கு ரசீதை வைத்துத்தான்.

அக்டோபர் 6, திங்கள்

ஆரம்பிக்கும் முன்னால் டயரைப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே ஃபோர்மேன் (மெக்கானிக்) அண்ணன் கடையில் நிறுத்தினேன். வண்டி ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். வீட்டிலிருந்து கடை இரண்டு தெரு தள்ளி, அதனால் டயர் குளிர்ந்தே இருந்தது.

"தங்கச்சி, பின்னால ரெண்டும் நல்லா கம்மியா இருக்கே. பார்த்தா தெரியாது, கேஜ் வச்சாத்தான் தெரியும்," என்றார் அண்ணன்.

"எவ்வளவு வைக்கணும் அண்ணே?"

டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை விரலால் தொட்டுக் காட்டினார். "இதுல போட்டிருக்கிறதுதான். கூட வச்சா எண்ணெய் மிச்சம்னு சில பேர் சொல்வாங்க, மழையில பிரேக் பிடிச்சா அப்பத் தெரியும்."

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் சூடாகிப் போவது நாம் காசு கொடுத்த எண்ணெய்தான். நாலு டயரையும் சரி பார்த்தாயிற்று, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

வேக முள்ளையும் சோதித்தேன். பக்கத்து வீட்டு அக்கா என்னோடுதான் ரவாங் வரை வருகிறார், அவரிடம் கைப்பேசியைக் கொடுத்து ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்கச் சொன்னேன். முள் 110-ல் நிற்கும்போது ஜிபிஎஸ் 104, 105 என்று காட்டியது. முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது விதி, அதனால் தயாரிக்கிறவர்கள் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். இனி இங்கே நான் எழுதும் வேகமெல்லாம் ஜிபிஎஸ் வேகம். என் வண்டியில் உண்மையான 90-க்கு முள் 95-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

110 வாரம் முடிந்தது. ரசீதுகளைக் கூட்டிப் போட்டால் லிட்டருக்கு 15.5 கிலோமீட்டர். டேஷ்போர்டு 16-க்கு மேல் சொன்னது.

110-ஐ விடாமல் பிடிப்பது லேசான காரியமில்லை. முன்னால் ஒரு லோரி இன்னொரு லோரியை முந்தப் போகும், நாம் காலை எடுப்போம், 85-க்கு இறங்கும், வழி விட்டதும் திரும்ப மிதிப்போம். கியர் ஒன்று கீழே இறங்கி இன்ஜின் சத்தம் போடும்போது டேஷ்போர்டில் அந்த நேரத்துக் கணக்கு லிட்டருக்கு 7, 8 என்று விழுகிறது. லெம்பா பெரிங்கினுக்கும் புக்கிட் பெருந்தோங்குக்கும் இடையில் ஏற்ற இறக்கத்தில் இதே கதைதான். 110-ல் போகிறவர்கள் கொடுக்கிற காசில் ஒரு பங்கு இந்த விட்டுவிட்டு மிதிப்பதற்குப் போகிறது என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். "110-க்கும் 90-க்கும் 20-தானே வித்தியாசம்" என்றான். அவனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

வண்டியைத் தடுப்பது இரண்டு. ஒன்று டயர் உருள்கிற தடை, அது வேகம் கூடினாலும் அதிகம் மாறாது. இன்னொன்று காற்று, அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் காற்றுத் தடை ஒன்றரை மடங்கு. 80-லிருந்து 110 என்றால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. அதனால்தான் மேலே போகப் போக ஒவ்வொரு பத்துக்கும் முந்தின பத்தைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"அப்ப 110-ல எண்ணெய் ரெண்டு மடங்கு குடிக்கணுமே, குடிக்கலியே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பெட்ரோல் இன்ஜின் வேலை குறைவாக இருக்கும்போது திறன் குறைந்து ஓடும். பாதி மூடிய வால்வு வழியாகக் காற்றை உறிஞ்சவே அதற்குச் சக்தி போகிறது. பாரம் கூடும்போது திறன் ஏறும். அந்த ஏற்றம் காற்றுத் தடையில் கொஞ்சத்தைச் சரிக்கட்டுகிறது, முழுசாக இல்லை.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்பதையும் சொன்னேன். 1974 ஜனவரியில் நாடு முழுக்க மணிக்கு 55 மைல்தான் என்று சட்டம் போட்டார்கள், நம் கணக்கில் ஏறக்குறைய 89 கிலோமீட்டர். 1995-ல்தான் எடுத்தார்கள். தம்பி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அக்டோபர் 15, புதன்

சாயங்காலம் தஞ்சோங் மாலிம் தாண்டியதும் பேய் மழை. இந்த மாதத்தில் மாலை மழை சகஜம். 75-க்கு இறங்கிவிட்டேன். வேகம் குறைந்தும் எண்ணெய்க் கணக்கு மோசமானது. சாலையில் நிற்கிற தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் வேலை டயருக்குச் சேர்கிறதே. மழை நாளில் கணக்கே பார்க்கக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 17, வெள்ளி

90 வாரம். லிட்டருக்கு 18.5.

மழை நாளையும் சேர்த்தே இந்தக் கணக்கு, அதனால் எனக்கு நிரம்பத் திருப்தி. அக்காவும் ஒன்று கவனித்தார்: "இந்த வாரம் நீ பிரேக்கே அமுக்கலியே." உண்மைதான். 90-ல் போனால் இடப்பக்கத்து லோரிகளை நிதானமாகத் தாண்ட முடிகிறது, வலப்பக்கம் பறக்கிறவர்களுக்கு நாம் இடைஞ்சலும் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. அப்பா இருக்கும் தோட்டத்துக்கு எல்லோரும் போனோம். பலகாரம், துணிமணி, பிள்ளைகள் என்று வண்டி நிறைய பாரம். சமமான பாதையில் பாரம் அவ்வளவாகத் தெரியவில்லை, ஏற்றத்திலும் நின்று கிளம்பும்போதும்தான் தெரிந்தது.

அப்பா பல வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர், செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிற வேலை. என் கணக்குப் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு, "இறக்கத்துல நியூட்ரல் போட்டு விடும்மா, எண்ணெய் ரொம்ப மிச்சமாகும். நாங்க அப்படித்தான் ஓட்டுவோம்," என்றார்.

சாயங்காலம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோட்டத்துச் சாலை இறக்கத்தில் காட்டினேன். கியரிலேயே இருக்கட்டும், காலை மட்டும் எடுத்தேன். அந்த நேரத்துக் கணக்கு காட்டும் கோடு ஓரம் வரைக்கும் ஓடி அப்படியே நின்றது. இன்ஜெக்டர் எண்ணெயை அடைத்துவிட்டது என்று அர்த்தம், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே கொஞ்சம் எண்ணெய் குடிக்கும், இன்ஜின் பிடிப்பும் போய்விடும். அப்பா சொன்னது கார்புரேட்டர் காலத்து வண்டிக்குப் பொருந்தும், அதில் இப்படி அடைக்கிற ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. இரண்டு மூன்று தரம் அந்தக் கோட்டையே குனிந்து பார்த்தார். "காலை மட்டும் எடுத்தா போதுமா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் விளக்கிச் சொன்னார்.

அக்டோபர் 26, ஞாயிறு

விடிந்தும் விடியாமல் பழைய சாலையில் 70-ஐப் பார்த்தேன். ஹைவேயில் 70-ல் ஊர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. காலி சாலை, டேஷ்போர்டு 20-ஐத் தாண்டிக் காட்டியது. கொஞ்ச தூரம்தான் ஓட்டினேன் என்பதால் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் போக்கு புரிகிறது: கீழே போகப் போக மிச்சம் சுருங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் குறைத்து 40, 50 என்று போனால் திரும்பவும் கெட்டுவிடும், ஏனென்றால் ஏர்கோனும் இன்ஜின் உராய்வும் மணிக்கணக்கில் தின்பவை. ஒரு கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவுக்கு அவையும் தின்னும்.

ஹைவேக்குப் பதில் பழைய சாலையிலேயே ரவாங் வரை போகலாமா என்று அக்கா கேட்டார். டோல் மிச்சம்தான். ஆனால் கெர்லிங், ராசா, பத்தாங் காலி, செரெண்டா என்று ஊருக்கு ஊர் விளக்கு. நின்று நின்று கிளம்பினால் மிச்சம் பிடித்த எண்ணெய் அங்கேயே போய்விடும். போதாததற்குக் குலை லோரியின் பின்னால் மாட்டினால் வளைவில் உதிர்ந்து விழும் பழத்துக்கும் பயப்பட வேண்டும். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 29, புதன்

80 வாரம் நடக்கிறது. இன்று காலை இருட்டில் பின்னால் ஒரு பெரிய லோரி. கண்ணாடி முழுக்க அதன் விளக்குதான் தெரிந்தது, நம்பர் பலகைகூடத் தெரியாத அளவுக்கு ஒட்டி வந்தது. அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். 95-க்கு ஏற்றி விலகிக்கொண்டேன்.

லோரியின் பின்னால் ஒட்டிப் போனால் காற்று மறையும், எண்ணெய் மிச்சமாகும் என்று சொல்கிறவர்களும் உண்டு. மிச்சமாவது உண்மை. ஆனால் அந்த மறைப்பு நன்றாகக் கிடைக்க எவ்வளவு நெருங்க வேண்டுமோ, அந்த நெருக்கத்தில் லோரி பிரேக் பிடித்தால் நம்மால் நிற்க முடியாது. அதை நான் அளக்கப் போவதில்லை, யாரும் அளக்கவும் வேண்டாம்.

அக்டோபர் 31, வெள்ளி

80 வாரம்: லிட்டருக்கு 19.5. லோரியைத் தவிர்க்க ஏற்றிய நேரங்களும் இதில் உண்டு.

இப்போது முழுக் கணக்கு. மாதம் 2,600 கிலோமீட்டருக்கு 110-ல் 168 லிட்டர், 90-ல் 141, 80-ல் 133. லிட்டர் 1.99 என்றால் 110-லிருந்து 90-க்கு இறங்குவதில் மாதம் சுமார் 54 வெள்ளி மிச்சம். 90-லிருந்து 80-க்கு இறங்குவதில் 14 வெள்ளிதான்.

நேரத்தையும் போட்டேன். 60 கிலோமீட்டரை 110-ல் 33 நிமிஷம், 90-ல் 40, 80-ல் 45 நிமிஷம் என்று கடக்கலாம். மாதம் முழுக்க எடுத்தால் 110-லிருந்து 90-க்கு வர ஐந்தேகால் மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறேன். அந்த ஒவ்வொரு மணிக்கும் எனக்குப் பத்து வெள்ளிக்கு மேல் திரும்பி வருகிறது. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 17 சென். அதைவிட நல்ல கூலி, வரி பிடித்தமும் கிடையாது! 90-லிருந்து 80-க்கு இறங்கும்போது கொடுக்கிற மூன்றரை மணி நேரத்துக்கு மணிக்கு நாலு வெள்ளிகூட வரவில்லை. அந்தக் கூலிக்கு, இருட்டில் லோரி விளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு போக நான் தயாராக இல்லை.

எண்ணெயை மட்டும் பார்த்தால் 70, 80-தான் நல்ல வேகம். வேலைக்குப் போய் வருகிற எனக்கு 90.

நவம்பர் 2, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். 80 என்று சொன்னவர், எண்ணெய் விஷயத்தில் தான் சொன்னது சரிதானே என்றார். சரிதான். மற்ற நேரத்தில் ஓட்டுகிறவர் அவர் என்பதால், ஏற்றத்தில் மிதியைக் கூட்டாமல் 85-க்கு இறங்க விட்டு இறக்கத்தில் திரும்பப் பிடிக்கச் சொன்னேன். டயரை மாதம் ஒரு தரம், குளிர்ந்த காலையில் பார்க்க வேண்டும். காற்றைத் தடுக்கிற வண்டிக் கூரைக் கம்பியையும் கழற்றி ஸ்டோரில் வைத்தாயிற்று. சோதனை முழுக்க அது மேலேதான் இருந்தது, இப்போது இல்லாமல் 90-ல் எவ்வளவு வருகிறது என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா மாதா மாதம் எண்ணெய்க்குப் பாதிக் காசு கொடுக்கிறவர். அவர் பங்கில் 27 வெள்ளி குறையும் என்று சொன்னதும், எழுதின தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். "அப்ப நாளையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஏழு எட்டு நிமிஷம் முன்னால அக்கா."

"பத்து நிமிஷம் முன்னாலயே வாசல்ல நிக்கிறேன்," என்றார்.