சாளை ஊரிலிருந்து லாக்ஸ் ஊருக்கு

நான் முதன்முதலாக வைத்த சால்மன் குழம்பை யாரும் சாப்பிடவில்லை. நார்வேயில் இருக்கும் பெர்கனுக்கு வந்து இரண்டாவது வாரம் அது. சால்மனுக்கு இங்கே லாக்ஸ் என்று பெயர். தூத்துக்குடியில் சீலா மீனுக்குச் செய்வது போலவே புளி கரைத்து, தேங்காய் அரைத்து ஊற்றி, மீனையும் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். மூடியைத் திறந்தால் ஒரு துண்டுகூட முழுதாக இல்லை. மேலே ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்ப் படலம், ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திரிந்த ஏதோ ஒன்று. கெட்டுப்போன மீனைக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதன் பிறகு நான்கைந்து மாதம் அந்த மீன் பக்கமே போகவில்லை. கடையில் காட் என்கிற வெள்ளை மீனை மட்டும் எடுத்துக்கொண்டு வருவேன். அது நம் நாக்குக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

நவம்பர் வந்ததும் உடம்பு மாறத் தொடங்கியது. பெர்கன் 60 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் ஒன்பதே முக்காலுக்குச் சூரியன் எழுந்து மூன்றரைக்கெல்லாம் விழுந்துவிடும். அந்த இடைவெளியிலும் பெரும்பாலும் மழைதான். தொடையும் இடுப்பும் வலித்துக்கொண்டே இருந்தன, மாடிப்படி ஏறினால் கால் கனத்தது. புது ஊர், மனசு சரியில்லை, அதனால்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் எடுக்கச் சொன்னது ரத்தப் பரிசோதனை. வைட்டமின் டி லிட்டருக்கு 50 நானோமோலாவது இருக்க வேண்டும். எனக்கு அதில் பாதிகூட இல்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே வெயில் அடித்தாலும் கதிர் மிகவும் சாய்வாக விழுவதால் தோலில் வைட்டமின் டி உருவாகாது. நம்மைப் போலக் கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கொழுப்புள்ள மீன் வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார். மீன் தினமும் உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். என்ன மீன் என்றார். காட் என்றதும் தலையை ஆட்டினார். காட் மீனின் சதையில் கொழுப்பு மிகமிகக் குறைவாம், அதன் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் உட்கார்ந்திருக்குமாம். அந்த ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் இந்த ஊரில் குழந்தைகளுக்குக் கரண்டியில் ஊட்டும் 'த்ரான்'. மாதத்தின் பெயரில் 'ர்' எழுத்து வந்தால் த்ரான் குடிக்க வேண்டும் என்று இங்கே சொல்வழக்கே உண்டு. செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை அப்படியே பொருந்தி வருகிறது. இருட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கண்டுபிடித்த கணக்கு அது.

அன்று வீட்டுக்கு வந்து, நான் ஒதுக்கி வைத்த மீனைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். வளர்ப்புச் சால்மனை ஓவன் அடுப்பில் சுட்டு எடுத்தால் 100 கிராமில் சுமார் 206 கலோரி, 22 கிராம் புரதம், 12 கிராம் கொழுப்பு. பச்சையாக 125 கிராம் இருக்கும் துண்டு, வெந்து நீர் வற்றியதும் ஏறக்குறைய இந்த 100 கிராமுக்கு வந்துவிடுகிறது. பொட்டலத்தில் போட்டிருப்பது பச்சை மீனின் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு 12 கிராமா என்று பயந்தேன். அதில் நிறைகொழுப்பு இரண்டரை கிராம் அளவுதான். ஈபிஏ, டிஎச்ஏ என்னும் ஒமேகா 3 கொழுப்புகள் ஒன்றிலிருந்து இரண்டு கிராம் வரை கிடைக்கின்றன. தீவனத்தைப் பொறுத்து இது மாறும். நார்வேயில் இப்போது தீவனத்தில் பெரும்பகுதி தாவரப் பொருள் என்பதால் முன்பு இருந்த அளவு இல்லை. அப்படியும் நாளுக்குக் கால் கிராம் போதும் என்கிற ஐரோப்பியக் கணக்கில் ஒரு துண்டு நான்கு நாளைக்காவது வரும். பி12 ஏறக்குறைய 2.8 மைக்ரோகிராம், செலினியம் 41 மைக்ரோகிராம். வைட்டமின் டி ஏழெட்டிலிருந்து பதின்மூன்று மைக்ரோகிராம் வரை. ஒரு நாளைக்கு வேண்டியது 10.

இதைப் படித்ததும் வந்த உற்சாகத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டால் கிடைப்பது 20 மைக்ரோகிராம் போல. வாரத்துக்குத் தேவை 70. மீன் கைகொடுக்கும், ஆனால் குளிர்கால ஓட்டையை அது மட்டுமே அடைக்காது. அப்புறம் இன்னொன்று: இரும்புச்சத்து இதில் மிகக் குறைவு, 100 கிராமில் அரை மில்லிகிராம்கூட இல்லை. நிறத்தைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று நினைக்க வேண்டாம். முள்ளை நீக்கிய துண்டில் சுண்ணாம்புச்சத்தும் சொற்பம். அந்த விஷயத்தில் முள்ளோடு மென்று தின்கிற நம் சாளைக்கு ஈடே கிடையாது.

சரி, சத்து தெரிந்துவிட்டது, சமைப்பது எப்படி? அதைக் கற்றுக்கொடுத்தவர் கீழ்வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. 80-களின் கடைசியில் நார்வே வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் பல வருடம் நின்றவர். அந்தக் காலத்தில் அங்கே போய் வேலை செய்த தமிழர்கள் நிறையப் பேர். குளிர்ந்த மேசையில் நாள் முழுக்கத் துண்டு போட்ட விரல்கள் இப்போதும் முழுதாக மடங்குவதில்லை. ஆனால் சால்மன் துண்டைத் தடவிப் பார்த்தே எங்கே முள் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

என் சட்டியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தங்கச்சி, உதை ஏன் இவ்வளவு நேரம் கொதிக்க விடுறீங்கள்? குழம்பு நல்லாத் தடிச்ச பிறகு மீனைப் போடுங்கோ. நெருப்பைக் குறைச்சு அஞ்சு நிமிசம் விட்டாக் காணும்."

அப்படியே செய்தேன். துண்டு உடையவில்லை. கரண்டியால் லேசாக அழுத்தியதும் இதழ் இதழாகப் பிரிந்தது, உள்ளே ஈரம் இருந்தது. முன்பு பயமுறுத்திய அந்த வெள்ளைப் பொருள், சூடு கூடும்போது சதையிலிருந்து பிதுங்கி வரும் மீனின் சொந்தப் புரதமாம். இன்றும் ஓரத்தில் சிறிது வந்தால், நெருப்பைக் குறைக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறேன். மேலே மிதந்த எண்ணெயும் மீனுடையதுதான். இங்கே பலர் உப்புத் தண்ணீரில் மீனை அவித்து எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். நாம் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைகிறோம். கரைந்து இறங்கியதும் நம் வயிற்றுக்கே வருகிறது. இதை யோசித்த நாளில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நம் சமையல் இந்த மீனுக்குப் பொருந்தாது என்று நினைத்தது அத்தோடு போயிற்று.

பொரிப்பதைத்தான் குறைத்துவிட்டேன். 2007-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் வைட்டமின் டி ஆய்வாளர் மைக்கேல் ஹோலிக்கின் குழுவினர் சோதித்தபோது, அடுப்பில் சுட்ட சால்மனில் வைட்டமின் டி ஏறக்குறைய அப்படியே இருந்தது. எண்ணெயில் பொரித்ததில் பாதிதான் மிஞ்சியது. அதனால் மஞ்சள், மிளகு, உப்பு தடவி, தோல் கீழே இருக்கும்படி தட்டில் வைத்து ஓவன் அடுப்புக்குள் 12 நிமிடம். மகனுக்கு அப்படித்தான் பிடிக்கிறது.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "ஏட்டி, அந்த ஆரஞ்சு மீனைப் பிள்ளைக்குக் குடுக்காத. சாயம் ஏத்துதாங்களாம்" என்றாள் போனில். ஆஸ்டாக்சாந்தின் என்கிற நிறமி அது. கடலில் திரியும் சால்மன் கூனிப்பொடி போன்ற உயிர்களைத் தின்று அந்த நிறத்தைப் பெறுகிறது. வளர்ப்பு மீனுக்கு அதையே தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். சொன்னேன், பாதி ஒப்புக்கொண்டாள். பிறகு, "நம்ம காலா மீனைத்தான் சால்மன்னு விக்கான், அது வேறயா?" என்று கேட்டாள். வேறுதான். காலாவை இந்தியச் சால்மன் என்று அழைத்தாலும் அது வேறு இனம், இவ்வளவு கொழுப்பும் அதில் இருக்காது.

மே மாதம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 50-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, மீனுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மருத்துவர் இரண்டையும் தொடரச் சொன்னார். அன்று சாயங்காலம் இரண்டு துண்டைக் குழம்பு வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். அக்கா மூடியைத் திறந்து, ஒரு துண்டைக் கரண்டியில் தூக்கி ஆட்டிப் பார்த்தார். உடையவில்லை. "இப்ப சரி" என்றார். சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம், மணி எட்டாகியும் வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது.