கம்பஸுக்கு யாரு ஃபீஸ் கட்டுறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் இலங்கை அட்டனிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. அத்தை மகன். "மச்சான், மகளுக்கு கம்பஸ் கெடைச்சிருச்சு. பேராதனை, விவசாய பீடம்." பல்கலைக்கழகத்தை அங்கே கம்பஸ் என்பார்கள்.

என் வாயில் முதலில் வந்தது, "ஃபீஸ் எவ்வளவு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கம்பஸுக்கு யாரு ஃபீஸ் கட்டுறது?" என்றான்.

கோத்தகிரியில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மே முதல் ஆகஸ்ட் வரை என் கடையில் பேச்சே ஃபீஸ்தான். என் மகன் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கவுன்சிலிங் சீட்தான். டியூஷன் 50,000, முதல் பட்டதாரி சலுகையில் 25,000 கழிந்தது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. கீழே விடுதி, மெஸ், பயிற்சி, கடைசி வரியில் 'இதர' என்று 18,500. 'இதர'ன்னா என்னம்மா என்று கவுன்ட்டரில் கேட்டேன். "இதரதான் சார்" என்றது அந்தப் பெண். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மொத்தக் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கும். இவன் படித்தது உதவிபெறும் பள்ளி, அதில் வரமாட்டான்.

தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் போட்ட சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தத்தில் அப்பா 1974-ல் கப்பலேறி வந்தார், தங்கையை அங்கேயே விட்டுவிட்டு. இலங்கைக் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945-லேயே பல்கலைக்கழகம் வரை அமலானது என்பார்கள். அப்பா அட்டன் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்போடு சரி. தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டதே எழுபதுகளில்தான். அதற்குள் இவர் கொழுந்து மூட்டை தூக்கப் போய்விட்டார். தாயகம் திரும்பியவர் என்று அவருக்குக் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருக்கும். மகனுக்கு சாதிச் சான்றிதழ் வாங்க அதை நான்கு முறை ஜெராக்ஸ் எடுத்தேன், ஒவ்வொரு முறையும் கறுப்பாகத்தான் வந்தது.

சரி, அரசாங்கக் கணக்கு. இரண்டு நாட்டிலும் ஒரே எண்தான் கோஷம்: 6. இங்கே மத்திய அரசு போட்ட கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றது, 2020 கல்விக் கொள்கையும் அதையே திரும்பச் சொன்னது. அங்கே 2012-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோதும் கேட்டது அதே 6. நடப்பில், மத்தியும் மாநிலமும் சேர்ந்து இங்கே 4 சதவீதத்தைச் சுற்றி; இலங்கையில் 2 சதவீதத்தைச் சுற்றி. இது பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து.

அப்படியானால் பாதி செலவழிக்கிற நாட்டில் ஃபீஸ் இல்லை, இங்கே எனக்கு ரசீது மேல் ரசீது. எப்படி? ரொம்ப நாள் புரியவில்லை. மச்சானுடைய மூத்த மகன் கதையைக் கேட்டபிறகுதான் புரிந்தது. நம்ம பிளஸ் டூ மாதிரியான உயர்தரப் பரீட்சையில் பாஸ், பல்கலைக்கழகத்துக்குத் தகுதியும் உண்டு, ஆனால் வெட்டுப்புள்ளிக்கு, அதாவது கட்-ஆஃபுக்குக் கீழே போய்விட்டான். தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் அங்கே இடம். நுவரெலியா பின்தங்கிய மாவட்டம் என்று தனி ஒதுக்கீடு இருந்தும் இப்படி. கிடைத்த சீட்டுக்கு அரசு முழுசாகச் செலவு செய்கிறது. வசதி குறைந்தவர்களுக்கு 1981 முதல் மகாபொல உதவித்தொகை வேறு. கிடைக்காதவன் கொழும்பில் துணிக்கடைக்குப் போகிறான்.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம், நாட்டுக்கு 28.4. பெருமைதான். ஆனால் அத்தனை சீட்டையும் அரசு போடவில்லை. 1955-ல் தொடங்கிய ஊட்டி அரசு கலைக் கல்லூரி மாதிரி இடங்களில் டியூஷனே கிடையாது, மற்றதெல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரம்தான். மீதிப் பிள்ளைகளுக்குத் தனியார், அந்தச் செலவு என் மாதிரி ஆட்களின் நகைக்கடன் நோட்டில் இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் ஏறாது.

எது மேல் என்று கேட்டால், என் மகன் படிக்கிறான், மச்சானுடைய மூத்தவன் துணி மடிக்கிறான். அதனால் 'இதர'வைத் திட்டிக்கொண்டே கட்டுகிறேன். மச்சான் மகளை நினைத்தால் மட்டும் அந்த நாட்டின் மேல் பொறாமை வருகிறது.

போனை வைக்கும் முன் மச்சான் கேட்டான், "மூத்தவனை அங்க ஏதாச்சும் காலேஜ்ல சேர்க்க முடியுமா? நம்ம ஊருதானே."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் ஒரு பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்து பார்த்தேன். வெளிநாட்டு மாணவர் பிரிவு, கட்டணம் டாலரில் போட்டிருந்தது. இன்னும் அவனைத் திரும்ப அழைக்கவில்லை.