போலீஸ் மேல் புகார் கொடுத்த அனுபவம்

போலீஸ் மேலேயே புகார் கொடுக்க முடியுமா, கொடுத்தாலும் யார் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் ஆற அமர யோசித்துக் கொடுக்கலாம் என்று விட்டால் கையில் ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

நடந்தது 2022இல். எங்கள் நிலத்து வேலி சம்பந்தமாகப் பக்கத்து நிலத்துக்காரர் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறார், எஸ்.ஐ. தன் செல்போனிலிருந்தே கூப்பிட்டு அப்பாவை வரச் சொன்னார். அப்பாவுக்கு அப்போது 68 வயது, சர்க்கரை வேறு. மதியம் போனவரை இருட்டும் வரை உட்கார வைத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு, வேலியைத் தானே பிரித்துக்கொள்வதாக எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்றதும் எஸ்.ஐ. காதோடு சேர்த்து அறைந்தார். எஃப்.ஐ.ஆர். இல்லை, மனு வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுகூட இல்லை. வேலி எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல சர்வேயரும் சிவில் கோர்ட்டும் இருக்கிறார்கள். ஸ்டேஷனில் நடந்தது அப்பட்டமான கட்டப்பஞ்சாயத்து.

அன்று இரவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயம் சின்னதாக இருந்தாலும் ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) பதிவு போட வைத்துவிடுங்கள், அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். யார் அடித்தது என்று எழுத வேண்டிய இடத்தில் டியூட்டி டாக்டர் தயங்கினார், கீழே விழுந்ததாகப் போட்டுக்கொள்ளலாமா என்றார். "நடந்ததை எழுதுங்கம்மா" என்று அப்பா சொன்னார். எழுதினார். பின்னாளில் எங்கள் பக்கம் நின்ற மிகப் பெரிய சாட்சி அந்த ஒரு வரிதான்.

அடுத்து எஸ்.பி. அலுவலகத்தில், புதன்கிழமை மனு வாங்கும் நாளில், எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். அதே மனுவைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். அந்த மனு போன வழியைக் கேளுங்கள்: எஸ்.பி.யிடமிருந்து டி.எஸ்.பி.க்கு, அங்கிருந்து இன்ஸ்பெக்டருக்கு, கடைசியில் அதே ஸ்டேஷன் ரைட்டர் அப்பாவுக்குப் போன் பண்ணி "பெரியவரே, விசாரணைக்கு வந்துட்டுப் போங்க" என்கிறார். அடித்தவர் உட்கார்ந்திருக்கும் அறைக்கே போய், அடித்தார் என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சித்தப்பா போன்றவர்கள் "போலீஸ்கூட எதுக்குடா பகை" என்று பயந்ததும் இந்தப் போனுக்கு அப்புறம்தான்.

நாங்கள் போகவில்லை. எங்களுக்குத் தெரிந்த வக்கீல் அக்கா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். குற்ற நடைமுறைச் சட்டம் 160ஆவது பிரிவின்படி, 65 வயதுக்கு மேற்பட்டவரைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவர் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். (2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இது 179ஆவது பிரிவு, வயதும் 60 ஆகக் குறைந்துவிட்டது. பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.) வழக்கே பதியாத மனுவுக்கு எந்த அதிகாரத்தில் கூப்பிட்டீர்கள் என்றும் அதில் கேட்டிருந்தார். அதற்குப் பதிலே வரவில்லை, கூப்பிடுவதும் நின்றது.

இதற்கிடையில் ஸ்டேஷன் கேமரா. உடனே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்தத் தேதி, அந்த நேரத்துப் பதிவைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தோம். அழிக்காமல் வைக்கும்படி தனியாக ஒரு கடிதமும் அனுப்பினோம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னது, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. அதே 2020இல்தான் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், அங்கே கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். எங்களுக்கு வந்த பதில், கேமரா பழுது.

சரி, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினோம். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஏ.ஆர். நகல், எஸ்.ஐ.யின் அழைப்பு இருந்த போன் பட்டியல், மனு ரசீது, கேமரா பற்றிய பதில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்து அனுப்பினோம். ஆணையம் துறையிடம் அறிக்கை கேட்டது, அப்புறம் சென்னையில் விசாரணை. எஸ்.ஐ.யின் வக்கீல் அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்தார், வேலித் தகராறில் தோற்கப் போவதால் பொய்ப் புகார் என்றார். அப்பா தடுமாறவில்லை. நாங்கள் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். கேமராவைப் பராமரிப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது, அப்படியானால் பழுது என்று மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதம் எங்கே? அப்படி ஒரு கடிதம் அவர்களிடம் இல்லை.

கடைசியில் 50,000 ரூபாய் இழப்பீடு, அதை எஸ்.ஐ. சம்பளத்தில் பிடிக்க வேண்டும், துறை நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று பரிந்துரை வந்தது. பரிந்துரைதானே, அரசு கிடப்பில் போட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சுட்டி நினைவூட்டுக் கடிதம் போட்ட பிறகு பணம் வந்தது.

துறை நடவடிக்கை என்ன ஆனது என்பதற்கு இன்னும் பதில் இல்லை. அதற்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, இப்போது முதல் மேல்முறையீட்டில் நிற்கிறது. அப்பாவுக்கு வேண்டியது அந்தப் பதில்தான், பணத்தை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.