பள்ளியில் சாதி, மதம் கட்டத்தைக் காலியாக விட: தாசில்தார் சான்றுக்கு அலையாதீர்கள்

ஈரோடு மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று, சாதியும் மதமும் குறிக்காமல். பிறப்புச் சான்று, ஆதார் இரண்டிலும் அந்த விவரமே கிடையாது என்பதால் அங்கே சிக்கல் இல்லை. இழுபறியெல்லாம் விண்ணப்பத்தின் அந்த இரண்டு கட்டங்களில்தான்.

“அதெல்லாம் ஆவாதுங்க. சாதியில்ல, மதமில்லைன்னு தாசில்தார்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க” என்றார் எழுத்தர். அதை நம்பிப் போனது வீண் அலைச்சல். வட்டாட்சியர் அலுவலகத்தில் இ-சேவைக்குப் போகச் சொன்னார்கள். இ-சேவையில் அப்படியொரு சேவையே பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா பெற்றதும், 2025 ஜூனில் கொடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அந்தச் சான்றைத்தான். அது வேறு, பள்ளிப் பதிவு வேறு. பள்ளிக்கு இரண்டு அரசாணைகள் போதும்: 2.7.1973 நாளிட்ட எண் 1210, 31.7.2000 நாளிட்ட எண் 205. அவற்றின்படி, பெற்றோர் விரும்பினால் அந்தக் கட்டங்களில் ‘இல்லை’ என்று போடலாம், அல்லது காலியாக விடலாம். இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை.

தலைமையாசிரியர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, அரசாணை எண்கள், “மேற்கண்ட இரு கலங்களிலும் எதுவும் பதிய வேண்டாம்” என்ற வரி, தாய் தந்தை இருவர் கையொப்பம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் பள்ளிக்கும், நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். நகல் போகிறது என்று சொன்னதுமே எங்களுக்கு முத்திரை விழுந்துவிட்டது.

கட்டத்தை வெறுமனே விடாதீர்கள், குறுக்குக் கோடு போடுங்கள். வெற்றிடத்தைப் பார்த்தால் இங்கே கை சும்மா இருக்காது. “என்ன கூட்டம்ங்க? குலதெய்வம் எந்த ஊருங்க?” என்று பேச்சுவாக்கில் கேட்டு, பதிலை வைத்துச் சாதியை எழுதிக்கொள்ளும் பழக்கம் கொங்கு நாட்டில் நன்றாகவே உண்டு (கூட்டம் என்றால் சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு). அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகுதான் பெரிய தவறு தெரிந்தது. சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னபோது, மேல் வரியில் “இந்து”, அதற்குக் கீழே மகளின் வரியில் நீல மையில் இரண்டு சிறு கோடுகள். மேற்படி என்று அர்த்தம்! கடிதம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, பதிவேடு வேறு சொல்கிறது. திருத்தும்போது வெள்ளை மை பூச விடாதீர்கள். ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து, தேதி, முத்திரை. நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

அடுத்தது எமிஸ் பதிவு, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினித் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவது. “காலியா விட்டா சிஸ்டம் எடுக்காதுங்க” என்பார்கள். கணினி கேட்கிறது என்பதற்காக ஏதோ ஒரு மதத்தைத் தேர்ந்தெடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்; என்ன பதிந்தார்கள் என்பதைத் திரையிலேயே பாருங்கள். மாற்றுச் சான்றும் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலும் அங்கிருந்துதான் வருகின்றன.

இடஒதுக்கீடு தேவைப்படும் குடும்பங்கள் இதை யோசித்துச் செய்யுங்கள். சாதிச் சான்று இல்லாத பிள்ளை பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பங்கு கிடையாது. பட்டியல் சாதியினர் மதத்தை மட்டும் விட்டாலும் பிற்பாடு சிக்கல் வரலாம்: பட்டியல் சாதிகளுக்கான 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் அடங்குவர். அவர்கள் சாதிச் சான்றைத் தனியாக முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு பள்ளிக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று முடிவெடுப்பது நல்லது.